ஒரு கரண்டி வெள்ளை

இப்படி நெருங்கி உக்காரு கண்ணு. ஜன்னல் பக்கம் நீயே இரு. எனக்குக் காத்து வேணாம், வெளிச்சம் இருந்தாப் போதும். பையை மேல வைக்க வேணாம்மா, மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு குப்பி இருக்கு, உருண்டுடும்.

பாண்டிக்கா? நானும் அங்கதான். கண்ணு ஆஸ்பத்திரிக்கு. கண்ணுல ஒண்ணும் இல்லன்னு இதுக்குள்ள ரெண்டு டாக்டரு சொல்லிட்டாங்க. பண்ருட்டியில ஒருத்தரு, கடலூர்ல ஒரு அம்மா. எனக்கு எழுத்து அவ்வளவா வராது, மூணாம் வகுப்போட சரி. அதனால அந்தம்மா முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு படத்தைக் காட்டி, பல்லு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கேட்டாங்க. கடைசி வரி வரைக்கும் சொல்லிட்டேன். "உங்க வயசுக்கு இந்தக் கண்ணு ஒரு வரம்மா"ன்னாங்க.

எனக்கு அந்த வரம் வேணாம். என் கண்ணு கெட்டுப்போயிருக்கணும். கெட்டுப்போயிருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும். அப்பதான் என் தம்பி பொண்டாட்டி, புள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்கு வருவா.

சிரிக்காத. முதல்லேந்து சொல்றேன், கேளு.

நான் பொம்மைக்கு மேனி போடுறவ. சந்தானம் முதலாளி பட்டறையில முப்பத்தி ரெண்டு வருசம். காகிதக்கூழ் பொம்மை. முன்ன கொலுவுக்கு மாத்திரம்தான் செய்வாங்க. இப்ப நாலு வருசமா போட்டோ பொம்மைன்னு ஒண்ணு வந்திருக்கு. கல்யாணம் ஆனவங்க போனுல போட்டோ அனுப்புவாங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் அதே சாயல்ல, விரல் நீளத்துக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கணும். அச்சு எடுக்கறது ஆம்பளைங்க. புடவை, நகை வரையறது வேற ஆளு. மேனி நான். முகம், கழுத்து, கை, காலு. துணிக்கு வெளியில மனுசன்னு எது தெரியுதோ அது அத்தனையும் என் வேலை.

மேனின்னா ஒரு கலருன்னு நெனைக்காத. நெத்திக்கு ஒண்ணு, கன்னத்துக்கு ஒண்ணு. கண்ணுக்கு அடியில லேசா நீலம் ஓடும். காது மடல்ல சிவப்பு தட்டும். முழங்கையில, விரல் முட்டியில கருக்கல் நிக்கும். விரல் நீளப் பொம்மையில இத்தனையும் வரணும். ஜீரோ நம்பர் பிரஷ்ல மூணு மயிரை விட்டுட்டு மிச்சத்தைக் கத்தரிச்சிடுவேன். அப்புறம் இன்னொண்ணு. ஆளு கறுப்புன்னு கறுப்பு டப்பாவைத் தொறந்தியோ, போச்சு. பொம்மை செத்துடும். அடுப்புக்கரி பூசுன மாதிரி நிக்கும். அரக்குல துளி நீலம், துளி காவி விட்டு, உள்ளேர்ந்து ரத்தம் ஓடுறாப்புல கொண்டாரணும்.

கலக்குன கலரை நேரா பொம்மையில வைக்க மாட்டேன். ஈரத்துல கலரு பொய் சொல்லும். காஞ்சா ஒரு படி இறங்கிடும். அதனால இந்த மணிக்கட்டுக்கு மேல ஒரு பொட்டு வெச்சு, ஊதிக் காயவெச்சுத்தான் பாப்பேன். முப்பத்தி ரெண்டு வருசமா இந்தக் கைதான் எனக்குப் பலகை. சாயங்காலம் கை கழுவப் போனா வரிசையா பொட்டு நிக்கும். மாநிறத்துக்குக் கலக்குனதுகூட பளிச்சுனு தனியா தெரியும். அவ்வளவு சுத்தமான கலரு என் கலரு.

நான் நிறம் பாக்குறவ இல்ல. அதை உனக்கு முன்னாடியே சொல்லிடறேன்.

ஆனா தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. ஏத்தம்னு சொல்லுவோம். போட்டோவுல ஆளு எந்த நிறமோ அந்த நிறத்தைக் கலக்கிட்டு, கடைசியா வெள்ளையில ஒரு கரண்டி. பொண்ணுன்னா ஒரு கரண்டி, மாப்பிள்ளைன்னா அரைக் கரண்டி. யாரும் கேக்க மாட்டாங்க, யாரும் வேணாம்னும் சொல்ல மாட்டாங்க. வெளுத்துப்போச்சுன்னு ஒரு பொம்மை திரும்பி வந்ததில்ல. கறுத்துப்போச்சுன்னு எத்தனையோ வந்திருக்கு. கல்யாணப் பொண்ணுக்கு நம்மளால ஆனது ஒரு கரண்டி. அதுல என்ன பாவம்?

எனக்கும் அப்படி ஒருத்தர் ஏத்திவிட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். அதுக்காக நான் ஒண்ணும் கறுப்பு இல்ல. மாநிறம். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா அப்படித்தான் சொன்னாங்க, "பொண்ணு மாநிறம்"னு. அவங்களும் சரின்னுட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரரு, அவரு போயி பதினோரு வருசம் ஆச்சு, அவரு மட்டும் என்னைக் கறுப்பின்னு கூப்பிடுவாரு. ஆசையாத்தான், விளையாட்டுக்கு.

எங்களுக்குப் புள்ளை இல்ல. எனக்கு எல்லாம் என் தம்பிதான். ஞானவேலு. குட்டியானை வண்டி ஓட்டுறான். எனக்கும் அவனுக்கும் இருபது வயசு வித்தியாசம். இடுப்புல வெச்சு வளத்தேன். அவன் நெய்வேலிக்கு லோடு போன இடத்துல ஒரு பொண்ணைப் பாத்துட்டு வந்து நின்னான். தமயந்தின்னு பேரு. பேனர் கடையில கம்ப்யூட்டர்ல வேலை. கல்யாணம், காதுகுத்து பேனருக்கெல்லாம் முகத்தை வெளுத்துக் குடுக்கற வேலையாம். "மவுஸை ஒரு இழுப்பு இழுத்தா ஊரே வெளுத்துடும் அண்ணி"ன்னு சொல்லிச் சிரிப்பா. கெட்டிக்காரி. வாயும் கையும் ஒண்ணா ஓடும்.

நிறம் மட்டு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கல்யாணத்துக்கு வந்த சனம் முன்னாடி, "நிறம் கொஞ்சம் மட்டுதான், ஆனா முகம் களையா இருக்கு"ன்னு நானே எடுத்துச் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவ கல்யாணத்தைப் பொம்மையா செஞ்சு குடுத்தேன். அவளுக்கு மட்டும் ரெண்டு கரண்டி. பாத்தா. "நல்லா இருக்கு அண்ணி, யாரு இவங்க?"ன்னா. அவளுக்கு எப்பவும் கேலி.

மாசமா இருந்தப்ப குங்குமப்பூ வாங்கிப் பால்ல போட்டுக் குடுத்தேன். பொறந்தது பொண்ணு. நர்ஸம்மா துணியில சுத்திக் குடுத்ததும் காது மடலைத் திருப்பிப் பாத்தேன். அங்க எந்த நிறமோ அதுதான் நிலைக்கும்னு சொல்லுவாங்க இல்ல. பாத்துட்டு, "சரி, நல்லபடியா பொறந்துச்சே"ன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லல. இன்னிக்கும் தமயந்தி அந்த "சரி"யை எடுத்து வெச்சுக்கிட்டுப் பேசறா. ஒரு "சரி"க்கா?

புள்ளை பேரு அமுதினி. மூணு வயசு ஆவப்போவுது. தினம் கடலமாவு தேச்சு நான்தான் குளிப்பாட்டுவேன். என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கும். "அத்தை, அத்தை"ன்னு பட்டறை பூரா என் முந்தானையைப் புடிச்சுக்கிட்டே வரும். புள்ளைக்கு ரெண்டு வயசு ஆனதும் தமயந்தியும் பட்டறைக்கு வந்துட்டா. புருவம், உதடு வரைய ஆரம்பிச்சா. என் கையைப் பாத்துக்கிட்டே இருந்து ஆறே மாசத்துல மேனியும் கத்துக்கிட்டா. ஏத்தம் மட்டும் போட மாட்டா. "எதுக்கு அண்ணி, அவங்க கேக்கலையே?"ன்னுவா. "கேக்காமச் செய்யறதுதான்டி மரியாதை"ன்னுவேன்.

இந்த ஆடியில ஒரு அம்மா வந்தாங்க. விருத்தாசலம் பக்கம், தையல் கடை வெச்சிருக்கறவங்க. பத்தொம்பது வயசுப் பொண்ணு காய்ச்சல்ல போயிடுச்சு. அந்தப் பொண்ணைப் பொம்மையா செஞ்சு குடுங்கன்னு ஸ்டுடியோ போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போனாங்க. எனக்கு மனசே ஆறல. பாவம், கல்யாணக் கோலம் பாக்காமப் போன பொண்ணு. ஏத்தம் ஒண்ணுக்கு ரெண்டாவே போட்டேன். கன்னத்துல ரோஸ் குடுத்தேன். இத்தனை வருசத்துல அப்படி ஒரு மேனி என் கையில வந்ததில்ல.

அந்தம்மா வந்து பெட்டியைத் தொறந்து பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "இது யாருங்க?"ன்னாங்க.

"உங்க பொண்ணும்மா."

"எம்பொண்ணு கறுப்புங்க. வெயில்ல நின்னு பந்து ஆடுவா. இது அவ கை இல்ல." பொம்மையைத் திருப்பி என்கிட்ட குடுத்தாங்க. "சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்னிக்குத்தான் இப்படி வெளுத்துப்போயி இருந்தா."

நான் ஆசையாத்தான் பண்ணேன். தமயந்திதான் எழுந்து வந்தா. அந்தம்மாவைத் தன் பக்கத்துல உக்காரவெச்சு, "ஸ்டுடியோ போட்டோ வேணாங்கக்கா. உங்க போன்ல அவ சும்மா இருக்கற போட்டோ இருந்தாக் காட்டுங்க"ன்னா. ஒவ்வொண்ணா பாத்தா. "முழங்கையில என்ன தழும்பு?"ன்னு கேட்டா. சைக்கிள்லேந்து விழுந்ததாம். நான் போட்ட மேனியைச் சுரண்டிட்டு மறுபடி போட்டா. அரக்கு, நீலம், காவி. மூணு மணி நேரத்துல முடிச்சிட்டா. தழும்பையும் விடல.

அந்தம்மா அழுவல. கட்டைவிரலால அந்த முழங்கையை ஒரு தடவை தடவிப் பாத்தாங்க. "போலாமாடி?"ன்னு பொம்மைகிட்ட கேட்டுட்டு, பெட்டியில வைக்காம கையிலயே புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கே முதலாளி எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு. "இனிமே போட்டோ பொம்மைக்குத் தமயந்தி மேனி போடட்டும். தையம்மா சாமி பொம்மையைப் பாத்துக்கட்டும்."

கிருஷ்ணனுக்கு நீலம் பூச என் கை எதுக்கு கண்ணு? அதை எந்தப் புதுப் பையனும் பூசுவான். மனசுக்குள்ள அது அப்படியே நின்னுபோச்சு.

அதனால ஆவணியில நானா ஒண்ணு செஞ்சேன். எங்க வீட்டுக் கொலுவுக்கு அமுதினியைப் பொம்மையா பண்ணேன். பாவாடை சட்டை, ரெட்டைச் சடை, கையில ஒரு பலூனு. என் கை இன்னும் போகலன்னு எல்லாரும் பாக்கட்டும்னு. ஏத்தம் மூணு கரண்டி. என் புள்ளைக்கு நான் போடாம வேற யாரு போடுவா?

காட்டுனேன். "இது யாரு சொல்லு?"

"பாப்பா."

"எந்தப் பாப்பா?"

"அழகு பாப்பா."

"அடி, நீதான்டி அது!"

பொம்மையைப் பாத்துச்சு. தன் கையைத் திருப்பிப் பாத்துச்சு. மறுபடி பொம்மையைப் பாத்துச்சு. "நான் இல்ல"ன்னு சொல்லிட்டு ஓடிப்போச்சு. புள்ளைங்கதானே, என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

மறுநாள் காலையில பத்து பதினொரு மணி இருக்கும். தமயந்தி கடைக்குப் போயிருந்தா. நான் பட்டறை வேலையை வீட்டுக்குக் கொண்டாந்து கிருஷ்ணனுக்குப் பூசிக்கிட்டிருந்தேன். பின்னாடிலேந்து "அத்தை, வந்துட்டேன்"னு சத்தம். திரும்பிப் பாக்கறேன், வெள்ளைக் கலரு வெச்சிருந்த கொட்டாங்குச்சியை மேல கவுத்துக்கிட்டு நிக்குது. மொகம், கை, காலு, காது, எல்லாம் வெள்ளை. முழி மட்டும்தான் தெரியுது. "அழகு பாப்பா வந்துட்டேன்"னுச்சு.

சிரிச்சேன். அடக்க முடியாம சிரிச்சேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சேன். நீயா இருந்தாலும் சிரிச்சிருப்ப. சிரிச்சிருக்க மாட்டியா?

தமயந்தி வந்தா. பாத்தா. புள்ளையைத் தூக்கிட்டுப் போயி குழாயடியில உக்காரவெச்சா. தண்ணி ஊத்துனதும் புள்ளை அலறுது பாரு, அந்தத் தெருவே எட்டிப் பாத்துச்சு. "வேணாம்மா, கழுவாத. கறுப்பாயிடுவேன். கழுவாதம்மா."

அப்பதான் எனக்குச் சிரிப்பு நின்னுச்சு.

துவட்டி, சட்டை மாட்டி, புள்ளையைக் கொண்டாந்து என் வேலைப் பலகை முன்னாடி உக்காரவெச்சா. கோவமா எதையாவது தூக்கிப் போட்டு உடைச்சிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். உடைக்கல. என் பிரஷ்ஷை எடுத்தா. என் அரக்கு, என் நீலம், என் காவி. புள்ளை கையைப் பாத்துப் பாத்துக் கலக்குனா. பளபளப்பு சாகறதுக்குத் துளி பவுடரு. புள்ளையோட மணிக்கட்டுக்கு மேல ஒரு பொட்டு வெச்சு ஊதுனா. காஞ்சுது. காணோம். எங்க வெச்சான்னே தெரியல. அவ்வளவு சுத்தமா கலந்திருந்தா. அதை நான் ஒத்துக்கறேன், கைவேலைன்னா அது.

அப்புறம், "அண்ணி, கையைக் குடுங்க"ன்னா.

நீட்டுனேன். அதே பிரஷ்ஷால, அதே கலர்ல, இங்க ஒரு பொட்டு. புள்ளைக்கு அடிபட்ட இடத்துல ஊதற மாதிரி மெதுவா ஊதுனா. "எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க அண்ணி"ன்னா.

பாத்தேன். தெரியல.

"இங்க வெளிச்சம் போதல"ன்னேன்.

"வாசலுக்கு வாங்க"ன்னா. போனோம். உச்சி வெயிலு. கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். எங்கதான் வெச்சான்னு தெரியல. கிட்டக் கொண்டுபோயி பாத்தேன், தள்ளி வெச்சுப் பாத்தேன். அமுதினி கூடவே நின்னு என் கையைப் பாக்குது. தன் கையையும் பாக்குது.

"ஏன் தெரியலன்னு சொல்லுங்க அண்ணி"ன்னா தமயந்தி.

"என் கண்ணு மங்கிடுச்சு போலடி."

என்னையே பாத்தா. "அப்படியா? சரி. ஏன் தெரியலன்னு என்னிக்குச் சரியா சொல்றீங்களோ, அன்னிக்குப் போன் பண்ணுங்க. நான் புள்ளையைத் தூக்கிட்டு வர்றேன்"ன்னுட்டு உள்ள போயி பையை எடுத்துட்டு வந்தா. ஞானவேலு வண்டியைக் கொண்டாந்து நிறுத்துறான். என் பக்கம் திரும்பல. நான் தூக்கி வளத்தவன்.

அவ அம்மா வீட்டுக்குப் போயி பதினெட்டு நாளு ஆச்சு. நாலாம் நாளு போன் பண்ணேன். "கண்ணுல புரை விழுந்திருக்கும் தமயந்தி"ன்னேன். "டாக்டர் சொன்னாரா அண்ணி?"ன்னா. அதுக்குத்தான் பண்ருட்டிக்குப் போனேன். இல்லன்னுட்டாரு. கடலூருக்குப் போனேன். அந்தம்மாவும் இல்லன்னுட்டாங்க. திரும்பப் போன் பண்ணி, "வயசாச்சு, வேற என்ன"ன்னேன். "நேத்து சரஸ்வதி பொம்மைக்கு இமை வரைஞ்சீங்களாமே, மயிரு மயிரா தெரியுதுன்னு முதலாளி போன்ல சொன்னாரு"ன்னா. எல்லாம் அவ காதுக்குப் போவுது. "அமுதினிகிட்டக் குடு"ன்னு கேட்டேன். குடுத்தா. அது எடுத்ததும், "அத்தை, பொட்டு கெடைச்சிடுச்சா?"ன்னு கேக்குது.

தினம் காலையில பல்லு வெளக்குனதும் அதே கலர்ல ஒரு பொட்டு வெச்சுப் பாக்கறேன். ஒரு நாளு வலது கையில, ஒரு நாளு இடது கையில. ஒரு நாளு கன்னத்துல வெச்சுக் கண்ணாடியில பாத்தேன். ஈரமா இருக்கற வரைக்கும் தெரியுது. காஞ்சதும் போயிடுது. வேற ஏதாவது காரணம் இருக்குமான்னு யோசிச்சேன். யோசிச்சா மனசு எங்கெங்கயோ போவுது. எங்கம்மா நெனப்பு வருது. எங்க வீட்டுக்காரரு கூப்பிட்ட நெனப்பு வருது. அதனால யோசிக்கறதை விட்டுட்டேன். பாண்டியில பெரிய மிஷின் இருக்காம். அதுல வெச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்னாங்க.

இரு, வண்டி நிக்குது. குப்பியை எடுக்கறேன். உன் கண்ணு சின்ன வயசுக் கண்ணு, நீ பாத்துச் சொல்லு. இதோ வெச்சுட்டேன். ஊதிடறேன். ம்... காஞ்சிடுச்சு. எங்க இருக்கு சொல்லு? தொட்டுக் காட்டு பாப்போம்.

உனக்கும் தெரியலையா? அட, உனக்கும் கண்ணு சரியில்லயா?

என் முகத்தை ஏன் பாக்கற? கையைப் பாரும்மா.

சரி, விடு. வண்டி கிளம்பிடுச்சு. இந்தக் குப்பி என் கைக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லாம விட்டேன் பாரு. அன்னிக்குப் பை, புள்ளை எல்லாம் வண்டியில ஏத்திட்டா. தானும் ஒரு காலை மேல வெச்சவ, இறங்கித் திரும்பி உள்ள வந்தா. மனசு மாறிட்டான்னு நெனச்சேன். என்னைத் தாண்டிப் போயி, மாடத்துல இருந்த நகப்பூச்சுக் குப்பியை எடுத்தா. காலியானது. அதைக் கழுவி, உதறி, முந்தானை நுனியைத் திரிச்சு உள்ள விட்டு ஈரம் இல்லாம தொடச்சா. புள்ளைக்குக் கலக்குன கலர்ல மிச்சம் இருந்ததை ஒரு சொட்டு சிந்தாம அதுல ஊத்தி, மூடியை இறுக்கித் திருகுனா. கொண்டாந்து என் உள்ளங்கையில வெச்சு, ஒவ்வொரு விரலா அவளே மடக்கிவிட்டுட்டுப் போயி வண்டியில ஏறுனா.